நியூரம்பர்க்ல அடிச்ச தாள் மொகலாய அரண்மனைக்கு எப்படி போச்சு? அச்சுப் படமும் கிறிஸ்தவ உருவங்களும்

மைக்கறை:
ரொம்ப நாளா மனசுல கிடக்குற ஒரு கேள்வி, இங்க தெரிஞ்சவங்க இருப்பீங்கன்னு கேக்குறேன். ஆக்ஸ்ஃபோர்ட் ஆஷ்மோலியன் மியூசியத்துல ஒரு சின்ன டிராயிங் இருக்கு, நீளமா சுருள் முடி, தரை வரைக்கும் மடிப்பு மடிப்பா விழற அங்கி, ரெண்டு கையையும் இறுக்கிக் கோர்த்துக்கிட்டு ஒருத்தர் நிக்கிறார். வரைஞ்சது அபுல் ஹசன், பின்னாடி ஜஹாங்கீர் அரசவையில பெரிய பேர் வாங்கின ஓவியர். ஆனா இதை வரையும்போது அவனுக்கு பதிமூணு வயசு, வருஷம் 1600. அதைப் பார்த்து வரைஞ்ச மூலம் டியூரர்னு போட்டிருக்கு, ஜெர்மனி நியூரம்பர்க்காரர். ரெண்டு பேருக்கும் நடுவுல அரை உலகம் தூரம், கிட்டத்தட்ட 90 வருஷம். பெயின்டிங்கை யாரும் தோள்ல தூக்கிட்டு வந்திருக்க முடியாது இல்லையா, அப்போ வந்தது தாள்தான். அந்தத் தாள் எப்படி வந்துச்சு, அதே மாதிரி வேற எங்கெல்லாம் போச்சு? யாராவது விளக்கமா எழுதுங்களேன்.

ஏடு_திறப்பவன்:
நல்ல கேள்வி சகோ. அந்த உருவம் இயேசுவோட சீடர் புனித யோவான். டியூரர் 1511-ல செப்புத்தகட்டுல செதுக்கின சிலுவைப்பாடு படத்துல நிக்கிறவர்.

தாள் எப்படி வந்துச்சுன்னா, 1580-ல அக்பர் கூப்பிட்டு சேசு சபைங்கிற கத்தோலிக்கத் துறவற சபையோட குருக்கள் மூணு பேர் கோவாவுல இருந்து பதேபூர் சிக்ரிக்குப் போறாங்க, ரொடோல்ஃபோ அக்வாவிவா, அந்தோனியோ மொன்செராத்தே, பிரான்சிஸ் என்ரிக்கேஸ். அவங்க குடுத்த பரிசுல முக்கியமானது ஆன்ட்வெர்ப்ல (இப்போ பெல்ஜியத்துல இருக்கு) பிளான்டின் அச்சகத்துல அடிச்ச பலமொழி பைபிள், பெரிய பெரிய வால்யூம், உள்ள செப்புத்தகட்டு முகப்புப் படங்களோட. அக்பர் ஒவ்வொரு வால்யூமையும் வாங்கி முத்தி செஞ்சு, அதாவது முத்தம் குடுத்து, தலை மேல வச்சார்னு மொன்செராத்தே எழுதி வச்சிருக்கார். அதுக்கப்புறம் தனித்தாள் படங்களும் வந்துக்கிட்டே இருந்துச்சு, அரண்மனை ஓவியர்கள் அதை எடுத்து வரைய ஆரம்பிச்சாங்க. கேசு தாஸ்னு ஒருத்தர் 1588-ல புனித மத்தேயுவை வரைஞ்சிருக்கார், அதோட மூலம் ஹீம்ஸ்கெர்க் வரைஞ்சு ஃபிலிப்ஸ் கால்லே அச்சடிச்ச படம். ஜஹாங்கீரோட ஆல்பம் ஓரங்கள்லயும் இந்த மாதிரி உருவங்கள் நிறைய வரும்.

ஆனா ஒண்ணு, இதெல்லாம் கதையோட கடைசிப் பாதி. முதல் பாதி ஐரோப்பாவுல, டியூரர் பிறக்குறதுக்கும் முன்னாடி.

சாம்பல்பூ:
முதல் பாதியை நான் எழுதுறேன், எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் அதுதான்.

கி.பி. 1400 வாக்குல ஐரோப்பாவுல காகிதம் கொஞ்சம் மலிவா கிடைக்க ஆரம்பிக்குது, அப்பவே மரக்கட்டையில செதுக்கி மை தடவி புனிதர் படம் அடிக்க ஆரம்பிச்சிட்டாங்க, குட்டன்பர்க் எழுத்து கோர்க்குறதுக்கு ஒரு தலைமுறை முன்னாடி. எழுத்துக்கு முன்னாடி படம்தான் அச்சாச்சுங்கிறதை நாம சுலபமா மறந்துடறோம். இங்கிலாந்து மான்செஸ்டர்ல ஜான் ரைலண்ட்ஸ் நூலகத்துல ஒரு தாள் இருக்கு, புனித கிறிஸ்தோபர் குழந்தை இயேசுவைத் தோள்ல வச்சு ஆத்தைக் கடக்குறார், கீழ 1423-ன்னு வருஷம், அதோட லத்தீன்ல ரெண்டு வரி. அர்த்தம் என்னன்னா, என்னைக்கு நீ கிறிஸ்தோபர் முகத்தைப் பார்க்குறியோ அன்னைக்கு உனக்கு துர்மரணம் வராது. யோசிச்சுப் பாருங்க, அப்போ திடீர்னு சாவுறதுதான் பெரிய பயம், குரு கிட்ட பாவத்தைச் சொல்லி மன்னிப்பு வாங்காம, அதாவது பாவசங்கீர்த்தனம் பண்ணாம போயிடுவோமேன்னு. காலையில எழுந்ததும் பார்க்க அந்த முகம் வீட்டுலயே வேணும், கோயில் சுவத்துல இருந்தா பத்தாது. அந்தத் தேவைக்கு அச்சுதான் பதில் சொல்லுச்சு.

இதுல இன்னொரு விஷயம், அந்தத் தாள் பிழைச்சதே பக்ஸ்ஹைம் மடத்துல ஒரு கையெழுத்துப் புத்தகத்தோட அட்டைக்கு உள்பக்கம் ஒட்டி வச்சதாலதான். மத்ததெல்லாம் சுவத்துல ஒட்டி, பெட்டி மூடிக்குள்ள ஒட்டி, கையில வச்சு முத்தி செஞ்சு, நைஞ்சு போயிடுச்சு. அதிகமா பயன்பட்ட தாள் எதுவோ அதுதான் மிஞ்சல, இதை நினைச்சா எனக்கு மனசு கனமாயிடும்.

அப்புறம் இத்தாலியில ஃபோர்லி ஊர். 1428 பிப்ரவரி 4, ஒரு பள்ளிக்கூட வீடு தீப்பிடிச்சு எரியுது, சுவத்துல மாதா படம் ஒண்ணு, மரக்கட்டையில அடிச்சு கையால கலர் பூசின வெறும் தாள். வீடே போச்சு, தாள் எரியல. ஊர் அதைத் தூக்கிட்டுப் போய் பேராலயத்துல வச்சுடுச்சு, இன்னைக்கும் அங்கதான் இருக்கு, பேரு தீயின் மாதா. அடிக்கும்போது அது நூத்துல ஒண்ணு. அந்த ராத்திரிக்கு அப்புறம் அதுக்கு ஜோடியே கிடையாது.

மைக்கறை:
சாம்பல்பூ, அந்தக் கடைசி வரியைப் படிச்சிட்டு கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்துட்டேன்.

ஒரு சந்தேகம். படிக்கத் தெரியாத ஜனங்களுக்கு பைபிள் சொல்லிக் குடுக்கத்தான் இந்தப் படமெல்லாம்னு படிச்சிருக்கேன், ஏழைகளின் பைபிள்னு ஒரு புத்தகமே இருக்காமே?

ஏடு_திறப்பவன்:
இதுல பாதி உண்மை. 600 வாக்குல போப் முதலாம் கிரகோரி மார்சே ஆயர் செரேனுசுக்கு எழுதின கடிதம் இருக்கு, படிக்கத் தெரிஞ்சவங்களுக்கு எழுத்து எப்படியோ தெரியாதவங்களுக்குப் படம் அப்படின்னு. சபை அதைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பேசியிருக்கு. ஆனா ‘பிப்ளியா பௌபெரும்’, அதாவது அந்த ஏழைகளின் பைபிள், 1460கள்ல முழுப் பக்கமும் மரக்கட்டையில செதுக்கி அடிச்சது, அதைத் திறந்து பார்த்தா ஏழை ஒருத்தராலயும் தனியா படிக்க முடியாது. நடுவுல இயேசு வாழ்க்கை ஒரு காட்சி, ரெண்டு பக்கமும் பழைய ஏற்பாட்டுல இருந்து அதுக்கு முன்னடையாளமா ரெண்டு காட்சி, மேலயும் கீழயும் தீர்க்கதரிசிகள், சுத்தி லத்தீன் வசனம். அடக்கத்துக்கு பக்கத்துல யோனாவை மீனுக்குப் போடுறது ஏன் இருக்குன்னு தெரியணும்னா ஏற்கெனவே பைபிள் தெரிஞ்சிருக்கணும். அது குருக்களுக்கும் படிச்சவங்களுக்கும்தான் உதவியிருக்கும். சாமானியர் கையில போனது சாம்பல்பூ சொன்ன தனித்தாள்.

உளிப்பிடி:
நான் மரக்கட்டை அச்சு பண்றவ, அதனால வேலை பக்கத்துல இருந்து சொல்றேன், இது தெரியாம மீதிக் கதை புரியாது.

மரக்கட்டையில வெள்ளையா வர வேண்டிய இடத்தை எல்லாம் வெட்டி எடுத்துடணும், கோடு மட்டும் மேடா நிக்கும், மை அந்த மேட்டுல ஒட்டும். எழுத்தும் மேடு, படமும் மேடு, ரெண்டையும் ஒரே சட்டத்துல பூட்டி ஒரே இழுப்புல அடிச்சிடலாம், அதனாலதான் புத்தகத்துக்கு மரக்கட்டை அவ்வளவு வசதியா இருந்துச்சு. ஆயிரக்கணக்கில அடிச்சாலும் தாங்கும். செப்புத்தகடு நேர் எதிர். கூர் உளியால கோட்டைக் குழியா தோண்டி, மை பூசி, மேல் பரப்பைத் துடைச்சிட்டா குழிக்குள்ள மட்டும் மை நிக்கும், ஈரக் காகிதத்தை வச்சு ரெண்டு உருளைக்கு நடுவுல அழுத்தி இழுக்கணும், காகிதம் குழிக்குள்ள போய் மையை எடுத்துட்டு வரும். மயிரிழை மாதிரி கோடு கிடைக்கும், துணி மடிப்பு, வெளிச்சம், முகத்துல ஒரு வாட்டம் எல்லாம் கொண்டு வரலாம். ஆனா சில நூறு தாளுக்கு மேல போகப் போக கோடு தேஞ்சு மங்கும், திரும்பத் தோண்டணும். எழுத்தோட சேர்த்து அடிக்கணும்னா அதே தாளை ரெண்டு மிஷின்ல ரெண்டு தடவை ஓட்டணும், செலவு ஏறிடும்.

முக்கியமான விஷயம் இனிமேதான். அச்சுன்னாலே இடம் வலம் மாறும். நான் முதமுதல்ல ஆசீர்வதிக்கிற இயேசுவை செதுக்கினப்போ கட்டையில பார்க்க அவ்வளவு நல்லா இருந்துச்சு, தாளை உரிச்சுப் பார்த்தா இடது கையால ஆசீர்வாதம் பண்றார். மூணு வார வேலை அது, அன்னைக்கு அழுதுட்டேன். இதே விஷயம் பழைய படங்கள்லயும் நடந்திருக்கு. ஒருத்தர் அடிச்ச தாளை வாங்கி இன்னொருத்தர் அப்படியே பார்த்து தகட்டுல செதுக்கினா அவர் தாள் கண்ணாடி பிம்பமாதான் வரும். அதனால இடதுகை ஆசீர்வாதம், இடது கையில வாள் இதெல்லாம் பார்த்தா பிரதியோ என்னவோன்னு சந்தேகப்படலாம். எந்தத் தாள்ல இருந்து எந்தத் தாள் வந்துச்சுன்னு ஆராய்ச்சிக்காரங்க கண்டுபிடிக்க இது ஒரு பெரிய உதவி.

சாம்பல்பூ:
உளிப்பிடி அக்கா, பிரதிங்கிறதை இன்னும் கொஞ்சம் பேசணும். இப்ப நமக்கு ஒரிஜினல்னா உசத்தி, காப்பின்னா மட்டம். அவங்களுக்கு அப்படி இல்ல. இஸ்ரயேல் ஃபான் மெக்கெனெம்னு ஒரு செதுக்குறவர், 1490கள்ல பாடுபட்ட கிறிஸ்து படம் ஒண்ணு அடிக்கிறார், இது ரோம்ல சாந்தா குரோச்சே கோயில்ல இருக்குற மூலப் படத்தைப் பார்த்து செஞ்சதுன்னு தாள்லயே எழுதுறார். அந்த உருவத்துக்கு முன்னாடி இன்ன செபம் சொன்னா உத்தரிக்கிற ஸ்தலத்துல, அதாவது செத்த பிறகு பாவத்துக்கு தண்டனை அனுபவிக்கிற இடத்துல, ஆயிரக்கணக்கான வருஷம் குறையும்னு அச்சடிச்ச தாள்களும் அப்போ நிறைய. அதாவது ரோமுக்கு நடந்து போக முடியாதவங்களுக்கு ரோம் தாளா வீட்டுக்கு வருது. அதே மாதிரி 1466-ல சுவிட்சர்லாந்து ஐன்சீடெல்ன் மாதா திருத்தலத்துக்கு 500-வது வருஷ விழா, அதுக்கு மாஸ்டர் இ. எஸ். ங்கிற பேர்ல நமக்குத் தெரிஞ்ச செதுக்குறவர் மாதா படம் அடிச்சுக் குடுத்திருக்கார், யாத்திரை வந்தவங்க வாங்கிட்டுப் போக.

பக்தியும் வியாபாரமும் ஒண்ணாத்தான் வளர்ந்துச்சு. 1441-லயே வெனிஸ்ல சீட்டுக்கட்டு, படம் அச்சடிக்கிறவங்க வெளியூர் சரக்கு வந்து எங்க பொழைப்பு போச்சுன்னு முறையிட்டு இறக்குமதிக்குத் தடை வாங்கியிருக்காங்க. அந்த அளவுக்கு சரக்கு நகர்ந்திருக்கு.

கருவேலன்:
எல்லாரும் ரொம்ப அழகா எழுதுறீங்க, ஆனா ஒரு பக்கம் விட்டுப் போகுது. இந்தத் தாள் ஆயுதமாவும் இருந்திருக்கு.

ஜெர்மனி ரெகன்ஸ்பர்க்ல 1519-ல யூதர்களை ஊரை விட்டுத் துரத்தி அவங்க தொழுகைக்கூடத்தை இடிச்சாங்க, அதே இடத்துல அழகு மாதாவுக்கு தற்காலிகமா ஒரு கோயில், கூட்டம் குவியுது. ஆல்ட்டோர்ஃபர் அந்த மாதாவை பல கட்டை வச்சு கலர்லயே அச்சடிச்சார், வேலைப்பாடா பார்த்தா அற்புதம். ஓஸ்டென்டோர்ஃபர் அடிச்ச படத்துல ஜனங்க சிலைக்கு முன்னாடி தரையில விழுந்து புரளுறாங்க, சுத்தி இடிஞ்ச சுவர் தெரியுது. அந்தத் தாளோட ஒரு பிரதி டியூரர் கிட்ட இருந்துச்சு, கீழ அவரே கைப்பட எழுதியிருக்கார், இந்தப் பேய் வேதாகமத்துக்கு விரோதமா கிளம்பியிருக்கு, காசுக்காக ஆயர் இதை அனுமதிக்கிறார்னு. மாதா வாழ்க்கையைச் செதுக்கி வித்தவரே இதை எழுதுறார்னா எவ்வளவு வேதனைப்பட்டிருப்பார்.

அப்புறம் போப்பை எதிர்த்துக் கிளம்பின லூத்தர் பக்கம். 1521-ல லூக்காஸ் கிரானாக் 26 மரக்கட்டைப் படம், இந்தப் பக்கம் கிறிஸ்து, அந்தப் பக்கம் போப். கிறிஸ்து சீடர் கால் கழுவுறார், எதிர்ப்பக்கம் போப் தன் காலை முத்தி செய்ய நீட்டுறார். எழுத்துக்கூட்ட வராதவனுக்கும் புரிஞ்சிடும். 1522 செப்டம்பர்ல லூத்தர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு வருது, வெளிப்படுத்தின விசேஷத்துக்கு மட்டும் 21 படம், பாபிலோன் வேசி தலையில போப்போட மூணு அடுக்குக் கிரீடம். சாக்சனி கோமகன் ஜார்ஜ் எதிர்ப்பு காட்டினதும் டிசம்பர் பதிப்புல கட்டையில இருந்த மேல் அடுக்கை வெட்டி சாதாரண கிரீடமாக்கிட்டாங்க.

உளிப்பிடி:
அந்த டிசம்பர் பதிப்பு எனக்குத் தெரியும். மரக்கட்டையில ஒரு தடவை வெட்டினதைத் திரும்ப வைக்க முடியாது, எடுக்க மட்டும்தான் முடியும். கிரீடம் இருந்த இடம் வெறிச்சுன்னு வெள்ளையா நிக்கும். மேல எழும்பி நின்ன ஏதோ ஒண்ணு காணாமப் போச்சுன்னு பார்த்தாலே தெரியுது.

ஏடு_திறப்பவன்:
கருவேலன் சொன்னது சரி. அதுக்கு கத்தோலிக்கர் பக்கத்து பதிலும் அச்சாதான் வந்துச்சு. 1563 டிசம்பர்ல திரெந்து பொதுச்சங்கம், அதாவது கத்தோலிக்க ஆயர்களோட பெரிய கூட்டம், கடைசி அமர்வுல படங்கள் இருக்கலாம், ஆனா ஜனங்களைக் குழப்பக் கூடாதுன்னு தீர்மானம் போடுது. அதுக்கப்புறம் ஆன்ட்வெர்ப் நகரம் படம் அடிக்கிற பட்டறையாவே ஆயிடுச்சு. பிளான்டினுக்கு ஸ்பெயின் ராஜா ரெண்டாம் பிலிப் கிட்ட இருந்து பூசைப் புத்தகம் அடிக்கிற தனி உரிமை, ராஜா ஆட்சிக்கு உட்பட்ட இடத்துக்கெல்லாம் மூட்டை மூட்டையா போகுது.

இதுல எனக்கு ரொம்ப முக்கியமாப் படுறது நதால் புத்தகம். ஹெரோனிமோ நதால் சேசு சபைக்காரர், சபையைத் தொடங்கின இஞ்ஞாசியார் சொல்லித்தான் இந்த வேலையை எடுத்தார், நதால் செத்து 13 வருஷம் கழிச்சு 1593-ல ஆன்ட்வெர்ப்ல வருது, நற்செய்திக் காட்சிகள் 153 செப்புத்தகடு. செதுக்கினதுல பெரும்பங்கு வீரிக்ஸ் சகோதரர்கள், கை அற்புதம், ஆனா குடி. அவங்க வேணும்னா சாராயக்கடையில தேடி கடனை அடைச்சுக் கூட்டிட்டு வரணும்னு பிளான்டின் வருத்தப்பட்டு எழுதியிருக்கார். ஒவ்வொரு படத்துலயும் காட்சிக்குள்ள ஏ, பி, சின்னு சின்ன எழுத்து, கீழ அதே எழுத்துக்கு விளக்கம். கண்ணு ஒவ்வொரு இடமா நின்னு நின்னு தியானம் பண்ணணும், அதுக்குத்தான் அந்த எழுத்து. 1637-ல ஜூலியோ அலேனி சீனாவுல ஃபூச்சியன்ல இதை வச்சு சீன மரக்கட்டைப் புத்தகம் போட்டார், சீன வரிசை எழுத்து வச்சு அதே முறை. மேகமும் தண்ணியும் சீனக் கோடாவே மாறிடுச்சு.

மைக்கறை:
சீனாவுல இருந்த சேசு சபை குரு மத்தேயோ ரிச்சியும் படம் வச்சிருந்தார்னு எங்கேயோ படிச்சேனே?

ஏடு_திறப்பவன்:
ஆமா. செங் தாயூன்னு ஒரு மை வியாபாரி, மைக்கட்டி டிசைன்களுக்கு பெரிய ஆல்பம் போடுறார், 1606 வாக்குல, ரிச்சி நாலு மேற்கத்திய படம் குடுத்தார். ஒண்ணு பேதுரு தண்ணி மேல நடக்குற கதைக்கு. ஆனா அந்த நேரம் நதால் புத்தகம் கையில இல்ல, வீரிக்ஸ் தாள்ல இருந்த வேற ஒரு கடல் காட்சியை, உயிர்த்த பிறகு இயேசு கரையில நிக்கிறதை, எடுத்துக் குடுத்து அதுக்கு மேல இந்தக் கதையை எழுதிட்டார். நாலாவது படம் மாதாவும் குழந்தையும். அது இன்னும் சுத்தி வந்தது, ஸ்பெயின் செவில் பேராலயத்து பழைய மாதா, வீரிக்ஸ் அதைச் செதுக்கி, அந்தத் தாள் ஜப்பான் போய் சேசு சபை பள்ளியில 1597-ல திரும்ப செதுக்கி, அது சீனா வந்து மை ஆல்பத்துல சேர்ந்துச்சு.

கருவேலன்:
ஜப்பான் பேச்சு வந்ததால இதையும் சொல்லிடுறேன். 1614-ல கிறிஸ்தவத்துக்குத் தடை. நாகசாகியில 1620கள் கடைசியில இருந்து ஆளுங்களை வரிசையா நிக்க வச்சு இயேசு படத்தையோ மாதா படத்தையோ மிதிக்கச் சொன்னாங்க, மிதிக்கலைன்னா கிறிஸ்தவன்னு அர்த்தம். தொடக்கத்துல பறிமுதல் பண்ணின படம், பதக்கம். கால் பட்டுப் பட்டு தேஞ்சதால 1669-ல 20 பித்தளைப் பலகை வார்த்து வச்சாங்க. அதுல சிலது இப்போ தோக்கியோ தேசிய மியூசியத்துல இருக்கு, முகம் வழவழன்னு தேஞ்சு மூக்கு கண்ணு தெரியாது. முத்தி செஞ்சு தேஞ்ச முகத்தைப் பத்தி சாம்பல்பூ எழுதினாங்க, இது மிதிச்சு தேஞ்ச முகம். வணங்குறவங்களுக்கு மட்டும் இல்ல, துரத்துறவங்களுக்கும் அந்தப் படத்தோட பலம் தெரிஞ்சிருக்கு.

மெக்சிகோ, பெரு பக்கம் நடந்ததையும் மறைக்கக் கூடாது, அங்க படம் சுவத்துல ஏறுனது பழைய தெய்வங்களை உடைச்ச பிறகு.

சாம்பல்பூ:
அதை நான் மறுக்கவே இல்ல கருவேலன் அண்ணே. ஆனா அங்க வரைஞ்சவங்க வெறும் கைக்கருவி இல்லன்னு மட்டும் சொல்லணும். பெரு நாட்டு குஸ்கோவுல தியேகோ கிஸ்பே தித்தோன்னு ஒரு பழங்குடி ஓவியர், 1681-ல பேராலயத்துக்கு 12 ராசி வச்சு ஒரு தொடர் வரைஞ்சார், மூலம் ஆன்ட்வெர்ப் கொல்லார்ட் செதுக்கின கறுப்பு வெள்ளைத் தாள். தாள்ல கலர் கிடையாது. ஆகாசம் என்ன நிறம், மரம் என்ன நிறம், மாதா முக்காடு என்ன நிறம், எல்லாம் அவர் முடிவு. கோடு ஐரோப்பாவுல இருந்து வந்துச்சு, அதுக்கு உசுரு குஸ்கோவுல வந்துச்சு. அச்சுத்தாளோட குறையே அங்க வரையுறவனுக்கு இடம் குடுத்துச்சு.

எத்தியோப்பியாவும் அப்படித்தான். ரோம்ல மெடிச்சி அச்சகம் 1590-91-ல அரபி நற்செய்தி அடிச்சுச்சு, தெம்பெஸ்தா வரைஞ்ச மரக்கட்டைப் படங்களோட. எத்தியோப்பிய ஓவியர்கள் 17-ம் நூற்றாண்டுல அதைப் பார்த்து தங்களோட கையெழுத்து நற்செய்திகள்ல வரைஞ்சாங்க, நிழலை எல்லாம் விட்டுட்டு பெரிய கண்ணும் தட்டையான கலருமா. அவங்க சொந்தமா பழைய பழக்கம் ஒண்ணுமில்லாதவங்க கிடையாது, ஆயிரம் வருஷத்துக்கு மேல கிறிஸ்தவர்கள். புதுசா வந்த தாள் அவங்களுக்கு ஒரு யோசனை, அவ்வளவுதான்.

உளிப்பிடி:
மைக்கறை, உங்க முதல் கேள்விக்கு திரும்ப வர்றேன். வீரிக்ஸ் பேர் இத்தனை தடவை வந்துச்சே, அந்த வீட்டுல மூத்தவர் யோஹான் வீரிக்ஸ், சின்னப் பையனா டியூரர் தாள்களைப் பார்த்துப் பார்த்து செதுக்கித்தான் தொழில் கத்துக்கிட்டார். 1566-ல டியூரரோட ஆதாம் ஏவாளை அச்சு அசலா செதுக்கி அதுலயே தன் வயசு 16-ன்னு பொறிச்சிருக்கார். உங்க அபுல் ஹசன் டிராயிங்லயும் வயசு எழுதியிருக்கு இல்லையா? முப்பது சொச்சம் வருஷ வித்தியாசத்துல ரெண்டு பசங்க, ரெண்டு கண்டம், முன்னாடி அதே மனுஷனோட தாள், ரெண்டு பேரும் வயசைப் போட்டு வச்சிருக்காங்க. அந்தப் பெருமை எனக்கு நல்லாத் தெரியும், கோடு முதல் தடவை சொன்ன பேச்சு கேக்கும்போது வர்றது அது.

டியூரர் மூலத்தைப் பக்கத்துல வச்சுப் பாருங்க. நடுவுல சிலுவை, இயேசு, ஒரு பக்கம் மாதா, இன்னொரு பக்கம் யோவான். பையன் எடுத்துக்கிட்டது யோவானை மட்டும்.

மைக்கறை:
இப்பதான் ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல திறந்து வச்சேன் அக்கா. இத்தனை நாள் ஏதோ யோசனையில நிக்கிற ஆள்னு நினைச்சேன். அந்தக் கை அப்படி இறுகியிருக்கறது எதைப் பார்த்துன்னு அந்தத் தாள்ல இல்ல. சிலுவையை விட்டுட்டான், அழுகையை விடல, கை விரல் ஒவ்வொண்ணும் அப்படியே இருக்கு.